‘புரிஞ்சுது’ என்ற குறிச்சொல்லை நான் அழித்த வாரம்

இந்தப் படிப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆள் நான் இல்லை என்பது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். நெய்வேலி நகரியத்தில் முப்பது வருடம் நூலகர் வேலை பார்த்துவிட்டு, போன வருடம்தான் சாவியை ஒப்படைத்தேன். புத்தகத்தை எங்கே அடுக்குவது, உறுப்பினர் அட்டையை எப்படிப் புதுப்பிப்பது என்பதையெல்லாம் மீனாட்சி சொல்லிக்கொடுப்பாள். நான் செய்த ஒரு தப்பை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் மரியாதைக்காக அதை மறைத்துவிடுவார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

நம் படிப்பகத்துக்கு இணையத்தில் ஒரு கூட்டுப் பக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். யாருக்கு எந்த நல்ல வீடியோ, கட்டுரை, வரைபடம் கிடைத்தாலும் அதன் லிங்க்கை அங்கே சேமிக்கலாம். சேமிக்கும்போது ஒரு குறிச்சொல் போட வேண்டும். ‘டேக்’ என்று நீங்கள் சொல்வது அதைத்தான். பிறகு வருகிறவர் அந்தச் சொல்லை அழுத்தினால், அந்தச் சொல் ஒட்டிய எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பார்ப்பதற்கு உறுப்பினராக இருக்க வேண்டியதுகூட இல்லை. பக்கத்தைத் தொடங்கியது நான். குறிச்சொல் போடாமல் எதையும் சேமிக்க முடியாதபடி கட்டாயமாக்கியதும் நான்தான்.

கட்டாயமாக்கினால் என்ன ஆகும்? என்ன போடுவது என்று தெரியாதவர்கள் மனதில் வந்ததைப் போட்டார்கள். ‘சூப்பர்’ என்று ஒருவர். ‘வீட்ல காட்டணும்’ என்று ஒருவர். ‘செகண்ட் ஷிப்ட்’ என்று ஒருவர் போட்டிருந்தார். உள்ளே போனால் இட்லி மாவு அரைக்கும் எந்திரத்தைப் பழுது பார்ப்பது பற்றி இருந்தது. ஒரு ஃபிட்டர், பம்ப் சீல் மாற்றுவது பற்றிய ஒரு வீடியோவைச் சேமித்துவிட்டு, குறிச்சொல் கேட்ட கட்டத்தில் ‘புரிஞ்சுது’ என்று அடித்திருந்தார். அதைப் பார்த்த இன்னொருவர் தனக்குப் புரிந்த ஒன்றில் அதையே போட்டார். பிறகு இன்னொருவர். பெரும்பாலும் சுரங்க வேலைக்கு வரும் கான்ட்ராக்ட் ஆட்கள்தான். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள், இங்கிலீஷ் என்றாலே ஒதுங்குகிறவர்கள்.

எனக்கு இதெல்லாம் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திக்கொண்டே இருந்தது. நூலக அறிவியல் படித்தவள் நான். ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பு என்று பாடம் பண்ணி வளர்ந்தவள். ஒரே விஷயத்துக்கு ‘கரண்ட்’, ‘மின்சாரம்’, ‘எலக்ட்ரிகல்’, ‘ஷாக்’ என்று நாலு பெயர் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வரட்டும், பக்கத்தை அவர்களுக்கு ஜம்மென்று காட்டிவிடலாம் என்று திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். ‘கரண்ட்’ முதலான நாலையும் ‘மின்பொறியியல்’ என்று ஒன்றாக்கினேன். ‘சூப்பர்’, ‘வீட்ல காட்டணும்’, ‘புரிஞ்சுது’ போன்ற, பொருளைச் சொல்லாத குறிச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த லிங்க்குகளை ‘பொது’ என்ற தலைப்பில் கொட்டினேன்.

பக்கத்து மேஜையிலிருந்து மீனாட்சி எட்டிப் பார்த்தாள். அவள் அப்போது கவுண்டரில் இருந்தாள். அவள் அப்பா கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்.

“ஏனுங்க்கா, அந்த ‘புரிஞ்சுது’ இருந்துட்டுப் போகட்டுமே. நெறையப் பேரு அதைத்தான் அமுக்கிப் பாக்கறாங்க.”

“அது ஒரு தலைப்பா மீனாட்சி? யாருக்குப் புரிஞ்சுது, என்ன புரிஞ்சுது? நாளைக்கு ‘புரியலை’ன்னு ஒண்ணு போடுவாங்க. அதையும் வச்சுக்கறதா?”

அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவு திருப்தி எனக்கு அந்த வருடத்தில் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு முருகையன் வந்தார். பக்கத்து வளையமாதேவி கிராமத்துக்காரர், நாற்பது வயசுக்கு மேல். பதினாலு வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் மின்வேலை பார்க்கிறவர். கையில் தொழில் சுத்தம், ஆனால் ஒரு காகிதம் கிடையாது. கான்ட்ராக்ட் அடுத்த மாதம் கை மாறுகிறது. புதிதாக வருகிறவர், கம்பியாள் உதவியாளர், அதாவது வயர்மேன் ஹெல்ப்பர் சான்றிதழ் இல்லாத எவனும் ஸ்விட்ச் போர்டைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தச் சான்றிதழுக்கான தேர்வு சனிக்கிழமை கடலூரில். செய்து காட்ட வேண்டும். கேட்கிற கேள்விக்கு வாயால் பதிலும் சொல்ல வேண்டும். தேறினால் மின்வேலையில் இருப்பார். இல்லாவிட்டால் மண் வெட்டப் போக வேண்டும், அதுவும் கூப்பிட்டால்தான்.

அவர் போனை நீட்டினார்.

“அம்மா, அந்தப் பக்கத்துல மேல ‘புரிஞ்சுது’ன்னு ஒண்ணு இருக்கும்ங்க. அத அமுக்குனா வரிசையா வரும். கரண்டு பத்தி ஒரு பத்துப் பன்னெண்டு இருந்துச்சு. லீவு போட்டுட்டு ஒக்காந்து பாக்கலாம்னு விட்டு வச்சிருந்தேன். காலையிலேருந்து தேடிக்கினே இருக்கேன், இப்ப அந்தப் பேரே காணலீங்க.”

“அதை எடுத்துட்டேன். இப்ப ஒழுங்கா அடுக்கியிருக்கேன், பாருங்க” என்று பெருமையாக ‘மின்பொறியியல்’ தலைப்பைத் திறந்து காட்டினேன். நூற்றுக்கணக்கில் வந்து நின்றது. அவர் முதலாவதை அழுத்தினார்: இங்கிலீஷ் கையேடு. அடுத்தது மோட்டார் விற்கிற கடை. மூன்றாவது திறக்கவே இல்லை. நாலாவதில் ஒருவர் கரும்பலகையில் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். முருகையன் போனை மெதுவாக அணைத்தார்.

“இதெல்லாம் நமக்கு இல்லீங்கம்மா.”

“தேடிப் பாருங்க, கிடைக்கும்” என்றேன், கொஞ்சம் சுள்ளென்று.

மீனாட்சி குறுக்கே வந்தாள். “அக்கா, தேடிப் பாக்கறதுக்கு இவருக்கு மூணு நாள்தானுங்க இருக்கு. அந்த ‘புரிஞ்சுது’ இருந்தா தேடவே வேண்டியதில்லைங்களே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற குறிச்சொல்லெல்லாம் லிங்க்கில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. இது ஒன்றுதான் யார் அதைப் பார்த்துத் தெளிந்தார் என்று சொன்னது. முருகையனைப் போலவே ஏழாவது, எட்டாவதோடு நின்ற ஒரு ஆள், முருகையனைப் போலவே முட்டி மோதி, கடைசியில் தெளிந்து, அடுத்தவனுக்காக ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் சேர்த்து வைத்ததை நான் இரண்டு நாளில் துடைத்துப் போட்டிருந்தேன். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு.

திரும்ப வரவழைக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. அந்த இணையச் சேவைக்காரர்களுக்கு எழுதினேன். பதில் வர ஒரு வாரம் ஆகலாம் என்று தானாக ஒரு கடிதம் வந்தது. சரி, நானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன் என்று ‘பொது’வுக்குள் இறங்கினேன். தமிழில் இருப்பவை, தெளிவாக இருப்பவை என்று எனக்குப் பட்ட ஐந்தை எடுத்து, சாயங்காலம் வரை முருகையனை உட்கார வைத்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் “நல்லா இருக்குதுங்க” என்றார். ஆனால் மூன்றாவதுக்கு மேல் அவர் நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. நோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். என் மனம் கோணக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தார்.

புதிதாக வந்தவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நெருக்கடி வந்ததும் நம்மைப் போலப் படித்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ராத்திரி வீட்டுக்குப் போய் இன்னும் இருபது பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எட்டாவதோடு நின்ற ஒருவருக்கு எது புரியும் என்பது எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் தெரியப்போவதில்லை. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் போய்க் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

‘பொது’வில் கொட்டியிருந்தவற்றில் மின்சாரம் சம்பந்தப்பட்டதை மட்டும் அச்செடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சேமித்தவர் பெயர் இருந்தது. பெயர் என்றால் நம் பெயரா? ‘கிரேன் ராஜா’, ‘மைன்ஸ் சிங்கம்’, ‘பாபு பாபு பாபு’. இவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? வியாழக்கிழமை பகல் ஒன்றேகால் மணிக்கு, முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் இரண்டாவது ஷிப்ட்டுக்குப் போகிறவர்களும் சேருகிற வடலூர் பஸ் நிறுத்தத்துக்கு நானும் மீனாட்சியும் போனோம். பலாச்சுளை விற்கிற அம்மாவிடம் ஒரு ஓரம் கேட்டு நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

“என்னா மேடம், லைப்ரரி பஸ் ஸ்டாப்புக்கே வந்துடுச்சா?” என்று ஒருவன் சிரித்தான்.

“ஆமா. ஒரு தப்பு பண்ணிட்டேன், அதான் வந்திருக்கேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சத்தமாகச் சொன்னேன். “நம்ம பக்கத்துல ‘புரிஞ்சுது’ன்னு நீங்க போட்டு வச்சதை எல்லாம் நான் அழிச்சிட்டேன். உங்களைக் கேக்காம அழிச்சிட்டேன். சனிக்கிழமை வயர்மேன் எக்ஸாம் எழுதற ஒருத்தருக்கு அது வேணும். எது எதுன்னு ஞாபகம் இருக்கறவங்க சொல்லுங்க.”

சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். “போச்சுடா!” என்று ஒருவர். “நானும் நேத்து தேடிப் பாத்தேன், நெட்டு தான் வேல செய்யலன்னு நெனச்சிக்கினேன்” என்று இன்னொருவர். திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அதற்குள் ஒருவர் என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, மீனாட்சியின் பேனாவை வாங்கி, முதுகைக் காட்டச் சொல்லி இன்னொருவர் முதுகின் மேல் வைத்துக் குறி போட ஆரம்பித்துவிட்டார்.

“இது என்னுது. எர்த் எதுக்குன்னு ஒருத்தர் தண்ணிக் கொடத்த வச்சிக்கினு சொல்லுவாரு. நாலு வாட்டி பாத்தேன்.”

“அது வாணாம்ப்பா, அதப் பாத்தா தெரிஞ்சதும் மறந்துடும். இதப் போடு.”

“ஏய், அது எனக்குப் புரிஞ்சுதுடா!”

“ஒனக்குப் புரிஞ்சா அப்ப யாருக்கும் புரியும், போடு.”

பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் ஊதி, அப்புறம் அவரும் எட்டிப் பார்த்து “என்னங்க லிஸ்ட்டு?” என்றார். நான் வாழ்க்கையில் எத்தனையோ தேர்வுக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு கறாரான கூட்டத்தைப் பார்த்ததில்லை. தனக்குப் புரியாத ஒன்றுக்கு ஒருவர்கூடக் குறி போடவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒன்பது தேறியது. அவற்றுக்கு மட்டும் பழைய குறிச்சொல்லைத் திரும்பப் போட்டேன். முருகையன் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வெள்ளி காலையில் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார். ஆனால் முகம் தெளியவில்லை.

“எர்த்து, ஃபியூஸு, மீட்டரு எல்லாம் வந்துடுச்சுங்க. பெரிய மோட்டார ஓட வைக்கிற அந்த ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் மட்டும் இல்ல. போன வருசம் எழுதுன எல்லாரையும் அதத்தான் கேட்டாங்களாம். மாட்டுறதுக்கு எனக்குத் தெரியும். ஏன் அப்புடி மாட்டணும்னு கேட்டா சொல்லத் தெரியாதுங்க.”

தாளைப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் பற்றிய லிங்க்குக்கு எதிரே மூன்று பேர் குறி போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால், வீடியோவையே போட்டவர் எடுத்துவிட்டிருந்தார். அது என் தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்லி முருகையனை அனுப்பிவிட முடியுமா?

லிங்க் செத்துவிட்டது. புரிந்தவர்கள் சாகவில்லையே என்று தோன்றியது. குறி போட்ட மூவரில் ஒருவரை மீனாட்சிக்கு பஸ் நிறுத்தத்திலேயே அடையாளம் தெரிந்திருந்தது: சண்முகவேல், பெர்மனன்ட் எலக்ட்ரீஷியன், அவர்கள் பிளாக்கிலேயே குவார்ட்டர்ஸ். அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். போன் செய்தேன். “வீடியோ போனா என்ன மேடம், எனக்குத்தான் புரிஞ்சுதுல்ல? இப்ப வாரேன்” என்றார். அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

முருகையன் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. இங்கே பெர்மனன்ட் ஆளும் கான்ட்ராக்ட் ஆளும் ஒரே மேஜையில் சமமாக உட்காருவது அபூர்வம். நகரியத்தில் கொஞ்ச நாள் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். “உக்காருங்கண்ணே, எவ்வளவு நேரம் அண்ணாந்து பாத்துப் பேசுறது?” என்று சண்முகவேல் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரத்துல என்ன சத்தம் கேக்கும்?”

“டக்குனு ஒண்ணு வரும்ங்க. அப்புறம் மோட்டார் சத்தமே மாறிடும்.”

“அந்த ‘டக்’குதாண்ணே பதிலு. பதினாலு வருசமா கேட்டுட்டுத்தான் இருக்கீங்க. அது ஏன் வருதுன்னு மட்டும் இப்ப பாப்போம்.”

இரண்டு பேரும் தாளில் கோடு கோடாக இழுத்தார்கள். குரல் ஏறியது. முருகையன் மறுத்துப் பேசினார், சண்முகவேல் மேஜையைத் தட்டினார். சரியாக அந்த நேரத்தில் நிர்வாகக் குழுவின் வண்டி வாசலில் வந்து நின்றது. அன்றைக்கு அவர்கள் வருவதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

மீனாட்சி கிசுகிசுத்தாள். “அக்கா, அவங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் பின்னாடி ரூமுக்குப் போகச் சொல்லட்டுங்களா?”

சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று பெரிதாக எழுதி மாட்டியவள் நான். இரண்டு நிமிஷம் பின்னால் போனால் குடிமுழுகிப் போகாதுதான். ஆனால் முருகையனுக்கு இருந்தது அந்த ஒரு பகல். இப்போது எழுப்பினால் நாற்காலி நுனியிலிருந்து எழுந்தவர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. “வேண்டாம். இருக்கட்டும்” என்றேன்.

குழுவின் தலைவர் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார். திரையில் பக்கத்தைக் காட்டினேன். “அது என்ன, ‘புரிஞ்சுது’? தலைப்பு மாதிரி இல்லையே” என்றார். திங்கட்கிழமை நான் மீனாட்சியிடம் கேட்ட அதே கேள்வி. நடந்ததை அப்படியே சொன்னேன், அழித்தது உட்பட. அவர் குறிப்பேட்டில் ‘வகைப்பாட்டில் ஒழுங்கு தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இன்னும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கும், போய்ப் பாருங்கள். எனக்கு வருத்தமில்லை. அந்த வரி அங்கே இருக்க வேண்டியதுதான்.

அவர் போன பிறகும் மேஜையில் பேச்சு ஓயவில்லை. நாலு மணிக்கு சண்முகவேல் வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தார். முருகையன் முழுசாகச் சொல்லி முடித்தார், ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை மீனாட்சிக்கு. எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் போய்விட்டு வந்தவர் எங்கள் பக்கம் வரவில்லை. போன் செய்து கேட்க எனக்குத் தைரியமில்லை. முடிவு வர நாளானது. அதற்குள் கான்ட்ராக்ட்டும் கை மாறியது. ஒவ்வொரு நாளும் இரண்டரை மணிக்குக் கதவைப் பார்ப்பேன். தேறாமல் போயிருந்தால், கடைசி மூன்று நாளில் ஒன்றரை நாளைத் தின்றவள் நான் என்பது மட்டும் மனசை விட்டு அகலவில்லை.

ஒருநாள் வந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழை மேஜையில் வைத்தார். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

“ஸ்டார் டெல்டா கேட்டாங்களா?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

மீனாட்சி கையைத் தட்டினாள். அவர் சிரித்தார், ஆனால் கிளம்பவில்லை. சொல்ல வந்தது வேறு ஒன்று என்று முகத்தில் தெரிந்தது.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. எங்க வூட்ல யாரும் நெலம் வச்சிருந்தவங்க இல்ல. அடுத்தவங்க நெலத்துல நட்டு அறுத்தவங்க. சொரங்கத்துக்குன்னு அந்த நெலம் போனப்பயும் சரி, எது போனாலும் எங்களக் கேட்டு எடுத்தது கெடயாது. கேக்கற வழக்கமே இல்ல. இந்தப் படிப்பகமும் அப்புடி இருக்க வாணாம்ங்க. இனிமே எதயாவது எடுக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேளுங்க.”

முப்பது வருட வேலையில் எனக்கு எத்தனையோ மெமோ வந்திருக்கிறது. ஒன்றுக்காவது மறுப்பு எழுதாமல் விட்டவள் இல்லை நான்.

“கேக்கறேங்க” என்றேன்.

அவர் சான்றிதழை எடுத்து உறையோடு சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அவருக்கு செகண்ட் ஷிப்ட், ஏற்கெனவே நேரமாகியிருந்தது.